மத்தைப் பிடித்துப் பறந்தவள்

வலியசாலையில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். பதினெட்டு வயது. முருங்கைக்காய்க்குச் சட்டை போட்டதுபோல் இருப்பாள். வெளியூரில் ஹெலிகாப்டர் ஓட்டப் படித்தாள். விடுமுறைக்கு வந்தால் என் சமையலறைதான் அவளுக்கு வானம். தேங்காய் துருவும் பலகையில் ஏறி உட்காருவாள். இடது கையில் கரண்டி, வலது கையில் மோர் மத்து. கால்கள் தரையை மாற்றி மாற்றி மிதிக்கும்.

“ஏண்டி, மோர் கடையறயா, பறக்கறயா?”

“கரண்டியைத் தூக்கினா மேல ஏறும் மாமி. மத்தைச் சாய்ச்சா அந்தப் பக்கம் போகும்.”

“தேங்காய் மட்டும் துருவாதாக்கும்!” என்பேன்.

அந்தத் தடவை திரும்பிப் போனதும் அவள் முதன்முதலாகத் தனியாக ஓட்ட வேண்டும். பக்கத்தில் வாத்தியார் இருக்கமாட்டார். அவள் புறப்பட்ட காலையில் நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நல்ல காரியத்துக்குப் போகிறவர் எதிரே கணவனை இழந்தவள் வரக்கூடாது என்பது தெரு வழக்கம்.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். “மாமி, எதிர்ல வந்து நில்லுங்கோ.”

“அசடே, உங்கம்மா பாக்கறா. நான் வரப்படாது.”

“முன்னாடி ஒரு ஆள் நின்னு கட்டைவிரலைக் காட்டாம நாங்க கிளப்பமாட்டோம், கேட்டேளா. பஸ் போயிடும், வாங்கோ!”

போனேன். நாற்பது வயதில் எழுத்துக்கூட்டப் படிக்கும்வரை கைநாட்டுக்கு நீட்டிய விரலைத் தெரு பார்க்க நிமிர்த்தினேன். அவள் அம்மா பெட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

தனியாக ஓட்டிவிட்டதாக நாலாம் நாள் போன் வந்தது. அப்படி ஒரு விதி நிஜமாகவே உண்டா, அந்த நிமிஷமே கதை கட்டினாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள். தேங்காய் மட்டும் இதுவரை ஒரு மூடிகூடத் துருவித் தந்ததில்லை.