தம்ளர்களில் ஒரு தெரு

எழுபதுகளில், வளைகுடாவில் நாங்கள் வேலைக்குப் போயிருந்த ரூவியில், எங்கள் எதிர் ஃபிளாட்டில் வயதான உருது அறிஞர் ஒருவர் இருந்தார். பிரிவினையின்போது பழைய டெல்லியை விட்டுக் கராச்சிக்குப் போனவர். பிறகு டெல்லிப் பக்கமே போக முடியவில்லை. எங்கள் வீட்டில் தேநீர் குடித்ததும் காலித் தம்ளர்களை மேஜையில் வரிசையாக வைத்துத் தன் தெருவைக் காட்டுவார். இது மசூதி, இது கிணறு, இது புத்தகக் கடை. என் மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். என் மதுரையைப் பற்றி அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.

பொறுக்காமல் ஒரு நாள் அவர் வைத்த தம்ளர்களையே எடுத்து நானும் அடுக்கினேன். எங்கள் வீடு, பக்கத்தில் பால் டிப்போ. அதற்கடுத்த வீடு யாருடையது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. மனைவி சிரித்துவிட்டாள்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க லீவுல போய்ப் பாத்துக்கலாம் பாய். உங்களுக்கு எதுக்கு ஞாபகம்?" என்று எனக்குப் புரியும் இந்தியில் சொன்னார். என் கையிலிருந்த தம்ளரை வாங்கி, மசூதியை மறுபடி அதன் இடத்தில் வைத்தார்.

மேஜை மட்டும்தான் என்னுடையது.