போயிட்டு வரேன் என்றாள் அக்கா

பல வருடங்களாகவே சின்னவளுக்கு ஒரு பழக்கம். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவை ஒரு சாண் திறப்பாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யாராவது நின்றால், அவர் வாயைத் திறக்கும் முன்பே, "இங்க இல்லைங்க, பின் தெருவுல, மருந்துக்கடைக்கு மேல" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடுவாள். அவள் வேலை செய்யும் அந்த மாடி அறையில் முன்பு பல் டாக்டர் இருந்தார். அவர் இடம் மாறி எவ்வளவோ காலமாகியும் பல்வலிக்காரர்கள் படியேறுவது மட்டும் நிற்கவில்லை.

"அண்ணி, நம்ம சர்வர்கூட இவ்வளவு வேகமா ஆளைத் திருப்பி விடாது" என்பாள் நாத்தனார்.

இருவரும் சேர்ந்து அந்த அறையில் கடைகளுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கிறார்கள். பேச்செல்லாம் நாத்தனார், தளங்கள் இருக்கும் கணினியான சர்வரின் வேலையெல்லாம் சின்னவள். முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவதென்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சர்வரிடம் அந்தத் தொல்லை இல்லை.

நாத்தனார் சொன்னது வெறும் கேலியும் இல்லை. ஒரு தளத்தின் முகவரி மாறிவிட்டால், சர்வரும் வாசலிலேயே ஆளைத் திருப்பிவிடும். பழைய முகவரிக்கு வரும் பிரவுசருக்குப் பக்கம் எதையும் காட்டாது. ஓர் எண்ணையும் புது முகவரியையும் மட்டும் கொடுக்கும். பிரவுசர் தானாகவே அங்கே போய்விடும். பார்க்கிறவருக்கு நடந்தது எதுவும் தெரியாது. சூட்சுமம் எண்ணில்தான். 302 என்றால், 'இப்போதைக்கு அங்கே போ, அடுத்த முறை இங்கேயே வந்து கேள்' என்று பொருள். 301 என்றால், 'ஒரேயடியாக இடம் மாறியாச்சு, இனி அங்கேதான்'. இணையத்தில் தேடுகிறவர்களுக்குப் பழைய முகவரியைக் காட்டுவதா புதியதைக் காட்டுவதா என்பதையும் பெரும்பாலும் இந்த எண்தான் முடிவு செய்யும்.

சின்னவளின் அக்கா தன் சைக்கிள் கடையை வேறு ஊருக்கு மாற்றினாள். கடைக்குப் புதுப் பெயர், தளத்துக்கும் புது முகவரி. சாமான் ஏற்றிய லாரி உறுமிக்கொண்டு நிற்க, அக்கா தங்கையின் கையைப் பிடித்து, "சரிடி, போயிட்டு வரேன்" என்றாள். சின்னவள் தலையை ஆட்டினாள். லாரி போனதும் மாடிக்கு வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, பழைய முகவரிக்கு வருகிறவர்களைத் திருப்பிவிடும் வரியைச் சர்வரில் எழுதிவைத்தாள்.

சில வாரம் கழித்து அக்காவிடமிருந்து போன் வந்தது. நாத்தனார் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏண்டி, என்னதான் பண்ணி வச்சிருக்க? நெட்ல தேடிப் பாத்தா இன்னும் பழைய முகவரிதான் வருது. அடுத்த மாசம் அதுக்குப் பணம் கட்டாம விட்டுடப் போறேன். அப்புறம் வர்றவங்க சுவத்துல முட்டிக்கணுமா?"

"எல்லாம் சரியாத்தான்க்கா போட்டேன்..."

"இந்த ஊர்ல ஈ காக்காய்க்குக்கூட என்னைத் தெரியாது. தேடிக் கண்டுபிடிச்சு வர்றவங்களை நம்பித்தான் கடையையே திறந்திருக்கேன்."

சின்னவள் அந்த வரியைத் திறந்தாள். நாத்தனார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இது 302. தற்காலிகம்ல?"

"ஆமா. அக்கா போயிட்டு வரேன்னுதானே சொன்னா."

நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தாள். "அய்யோ அண்ணி! வீட்டைவிட்டுக் கிளம்புற யாராச்சும் 'நான் போறேன்'னு சொல்வாங்களா? அப்படிப் பாத்தா, சிலிண்டரை வச்சிட்டுப் போயிட்டு வரேன்னு சொல்ற கேஸ்காரருக்கும் நீங்க 302தான் போடணும்!"

சின்னவளுக்குக் காது வரை சூடேறியது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனில் அக்காவின் குரல் இறங்கி வந்தது.

"லூசு. நான் திரும்பி வந்துடுவேன்னு நெனச்சியா?"

"நெனைக்கல. கை தானா போட்டுடுச்சு."

"எனக்கும் ஆசைதான்டி. ஆனா கடை இனிமே இங்கதான். மாத்திடு."

"மாத்துறேன். ஆனா பழைய முகவரியை உடனே விட்டுடாதக்கா. ஒரு வருஷமாவது கையில வச்சிரு. அது நம்மகிட்ட இருந்தாத்தான் வர்றவங்களைத் திருப்பி விட முடியும்."

"சரிங்க மேடம்" என்றாள் அக்கா.

சின்னவள் 2-ஐ அழித்து 1 போட்டாள்.

இப்போது தேடினால் புது முகவரிதான் முதலில் வருகிறது. பழையதைத் தட்டுகிறவர்களும் நேராகப் புதுக் கடைக்கே போய்ச் சேருகிறார்கள். அக்கா அந்த ஊரில் இருக்கிறாள், தங்கை இந்த ஊரில் இருக்கிறாள். கடை நன்றாக நடக்கிறது.