மிதித்தது யார் கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் எல்லோருக்கும் அவள் டீச்சர். பதினான்கு வருடமாக அவள் உட்கார்ந்திருப்பது வண்டியின் முன்னிருக்கைதான், ஆனால் ஸ்டியரிங் இல்லாத பக்கம். பயிற்சி வண்டி என்பதால் அவள் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தலைகால் புரியாமல் எதையாவது செய்து வைத்தால் இவள் மிதித்து நிறுத்திக்கொள்ளலாம்.

டீச்சர் கத்த மாட்டாள் என்று ஊருக்கே தெரியும். பள்ளியில் இன்னொரு ஆசிரியர் இருந்தார். அவர் போடும் கூச்சலில் சிக்னலில் நிற்கும் அடுத்த வண்டிக்காரர் பதறிப்போய் பிரேக் பிடிப்பார். அதனால் பெண்கள் எல்லோரும் டீச்சரைத்தான் கேட்டார்கள். "டீச்சர் பக்கத்துல இருந்தா போதும், வண்டி வெண்ணெய் மாதிரி போகுது" என்று அவர்கள் சொல்லும்போது அவளுக்கு உச்சி குளிரும்.

ஒரே ஒரு வில்லங்கம். வெண்ணெய் மாதிரி ஓட்டியவர்கள், தேர்வு நாளில் பக்கத்தில் அதிகாரி வந்து உட்கார்ந்ததும், வண்டியைத் தவளை மாதிரி குதிக்கவிட்டார்கள்.

"கடைசியா போன பதினோரு பேர்ல ஒம்பது பேர் அவுட்டு," என்றார் பள்ளி முதலாளி. "அந்தக் கூச்சல்காரன்கிட்ட கத்துக்கிட்டவங்க அழுதுகிட்டே போறாங்க, சிரிச்சுகிட்டே வர்றாங்க. உன் ஆளுங்க சிரிச்சுகிட்டே போறாங்க, அழுதுகிட்டே வர்றாங்க. உண்மையச் சொல்லும்மா. அவங்களுக்குப் பதிலா நீ மிதிக்கிறியா?"

"சத்தியமா இல்ல சார். அவசரத்துக்கு எப்பவாவது ஒண்ணு ரெண்டு தடவ."

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். டீச்சரிடம் கற்றுக்கொள்ளும், பேக்கரி வைத்திருக்கும் ஓர் அம்மாளுக்கு அடுத்த வியாழக்கிழமை நான்காவது தேர்வு. மூன்று அடுக்குக் கேக்கைப் பின்சீட்டில் வைத்துக் கணவர் ஓட்டிக்கொண்டு போனால், வாடிக்கையாளர் வீடு போய்ச் சேர்வதற்குள் அது இரண்டு அடுக்காகிவிடுகிறதாம். அதனால்தான் அந்த அம்மாள் தானே ஓட்டியாக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். "இந்தத் தடவையும் அவங்க தோத்தா, நீ வண்டிய விட்டு இறங்கி இங்க உக்காந்து போன் எடு. நாலு நாள் எங்கயாவது போய் காத்து வாங்கிட்டு வா. யோசி," என்றார்.

இப்படித்தான் டீச்சரும் அவள் கணவரும் கடற்கரை விடுதி ஒன்றுக்கு வந்து சேர்ந்தார்கள். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வந்த அன்றே, தனக்கென்று தனியாக ஒரு அலைச்சறுக்குப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். மறுநாள் காலை அலையைப் பார்த்ததும் அவருக்குத் தோள்வலி வந்துவிட்டது.

"நீ போயேன். நான் வீடியோ எடுக்கறேன்."

"நானா? எனக்கு நீச்சலே அரைகுறை."

"இடுப்பளவு தண்ணிதானாம். ரூம்ல உக்காந்து ஜன்னலப் பாத்துக்கிட்டு, அந்தப் பேக்கரி அம்மாவ நெனச்சு நகத்தக் கடிக்கறதுக்கு இது மேல்."

பயிற்சி தருகிறவளும் ஒரு பெண்தான். நாற்பதை ஒட்டிய வயது, அகன்ற தோள், வெயிலில் வெளுத்த தலைமயிர். அலைக்குள் பக்கவாட்டில் நடந்து போவாள் என்பதால் அங்கே எல்லோரும் அவளை நண்டு என்றார்கள். அவளும் "நண்டுன்னே கூப்பிடுங்கக்கா" என்றாள்.

முதல் அரை மணி மணலில். ஆள் நீளத்தைவிட நீளமான பலகையில் குப்புறப் படு. உள்ளங்கையை விலா ஓரம் ஊன்று. எழும்பு. ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். கண் கரையைப் பார்க்கட்டும், காலைப் பார்க்காதே. முட்டியை மடக்கு, முதுகை மடக்காதே. டீச்சர் காலைப் பார்க்காமல் காலை வைக்கப் பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"எந்தக் கால் முன்னால?" என்று கேட்டாள்.

"அத நான் கண்டுபிடிக்கறேன்," என்ற நண்டு, பின்னால் வந்து சொல்லாமல் கொள்ளாமல் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். டீச்சரின் வலது கால் முன்னால் போய் ஊன்றியது. "சரி, வலது." உறுதிப்படுத்திக்கொள்ள மறுபடியும் தள்ளினாள். இப்போது இடது கால். மூன்றாவது தள்ளில் டீச்சர் இரண்டு காலையும் சேர்த்து வைத்து மணலில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"இத்தன வருஷத்துல இப்படி ஒரு ஆளப் பாத்ததே இல்லக்கா. உங்க காலுக்கு ரெண்டு முதலாளியா?"

கணவர் கைபேசியைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

கடைசியில் இடது கால் முன்னால், வலது கால் பின்னால் என்று நண்டே முடிவு செய்தாள். கணுக்காலையும் பலகையையும் சேர்த்துக் கயிறு கட்டித் தண்ணீருக்குள் கூட்டிப்போனாள். அலை வரும்போது நண்டு பின்னால் நின்று பலகையைத் தள்ளுவாள், "எந்திரி!" என்று கத்துவாள். டீச்சர் எழுவாள். எழுந்த நொடியே பலகையின் மூக்கு வானத்தைப் பார்க்கும், அலை அடியில் நழுவி ஓடிவிடும், டீச்சர் மல்லாக்க விழுவாள். மூன்று தடவையும் இதே கதைதான்.

"ஏன்க்கா பின்னங்கால அந்த மிதி மிதிக்கறீங்க?"

"நான் எங்க மிதிச்சேன்? சும்மா வச்சேன்."

"வச்சதுக்கா பலகை குதிரை மாதிரி எழும்புது?"

"நான் மிதிக்கவே இல்ல," என்றாள் டீச்சர், மூக்கிலிருந்து உப்புத் தண்ணீர் வழிய. கேட்பது நண்டுதானா, பள்ளி முதலாளியா என்று ஒரு கணம் அவளுக்கே குழம்பிவிட்டது.

நண்டு யோசித்தாள். "சரி. இந்தத் தடவ என்ன ஆனாலும் திரும்பிப் பாக்காதீங்க. கரையில அண்ணன் சட்டை தெரியுதா? அத மட்டும் பாருங்க."

அலை வந்தது. தள்ளு விழுந்தது. டீச்சர் எழுந்தாள். நின்றாள்! காலடியில் பலகை பாய் விரித்த தரை மாதிரி அசையாமல் ஓடியது. காதில் நுரையின் இரைச்சல், எதிரே கணவரின் நீலச் சட்டை பெரிதாகிக்கொண்டே வந்தது. பலகை மணலில் தட்டி நின்றபோதுதான் தான் வாய்விட்டுக் கத்திக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரிந்தது. அடுத்த அலையிலும் அப்படியே. அதற்கடுத்த அலையில் ஒரு கையைக்கூட ஆட்டினாள்.

"பாத்தீங்களா? வெண்ணெய் மாதிரி போச்சு!" என்று கணவரிடம் ஓடினாள். "எடுத்தீங்கள்ல? காட்டுங்க."

நண்டு வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள். கணவர் கைபேசியை வெயிலுக்கு மறைத்துப் பிடித்தார். திரையில் அலை, நுரை, பலகை, அதன்மேல் வாயைப் பிளந்துகொண்டு டீச்சர். அவளுக்குப் பின்னால், பலகையின் வால் பக்கத்தில், குப்புறப் படுத்தபடி நண்டு. இரண்டு காலையும் தண்ணீரில் இழுத்துத் துடுப்பு மாதிரி திருப்பிக்கொண்டே வந்தாள்.

"இது யாரு?" என்றாள் டீச்சர்.

"யாருன்னா? அந்தப் பொண்ணுதான். உன்னத் தள்ளிவிட்டுட்டு டக்குனு ஏறிப் படுத்துக்கறா. மூணு தடவையும் அப்படித்தான். உனக்குத் தெரியாதா?"

"இல்ல."

"ஒரே பலகையில ரெண்டு பேர் வந்திருக்கீங்க, தெரியாதுங்கறே! இங்க பாரு, இது இன்னும் நல்லா இருக்கு." கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். டீச்சரின் வலது கால். அது பலகையை மிதித்தது. விட்டது. மறுபடி மிதித்தது. ஒவ்வொரு மிதிக்கும் வால் அமிழ்ந்தது, ஒவ்வொரு தடவையும் நண்டு பல்லைக் கடித்துக்கொண்டு நெஞ்சை முன்னால் நகர்த்திச் சமன் செய்தாள். "நம்ம கார்ல பக்கத்துல உக்காரும்போது இப்படித்தானே பண்ணுவே," என்றார் கணவர். "நான் ஓட்டறேன், நீ கீழ கெடக்கற கால்மிதிய மிதிச்சுக்கிட்டே வருவே. ஓட்டையே விழுந்திருச்சு."

டீச்சர் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். வீடியோவை ஐந்து தடவை பார்த்தாள். அந்தக் கால் அவளுடையதுதான், சந்தேகமே இல்லை. அது மிதிக்கிற செய்தி மட்டும் இன்றுவரை அவளுக்கு வந்து சேர்ந்ததில்லை.

நேரே நண்டிடம் போனாள். "பின்னால படுத்திருக்கேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா எந்திரிக்க மாட்டீங்கக்கா. லீவுக்கு வந்தவங்க ஒரு மணி நேரம் நிப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, ஊருக்குப் போய்ச் சொல்லிக்குவாங்க. எல்லாருக்கும் சந்தோஷம். யாருக்கு என்ன நட்டம்?"

"நாளைக்கு நீ இல்லாம நான் நின்னா?"

"விழுவீங்க."

"அப்போ இன்னைக்கு நின்னது யாரு? நானா, நீயா?"

நண்டு தலையைச் சொறிந்தாள். இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "நின்னது நீங்க. நான் பலகைய மட்டும்... இல்ல, பலகைய நான்தான்... அட போங்கக்கா, அலைதான் கொண்டு வந்துச்சு."

மீதமிருந்த இருபது நிமிடத்தில் டீச்சர் அவளைப் பலகையைத் தொடவே விடவில்லை. எட்டு தடவை விழுந்தாள். கடைசி தடவை ஒரு நொடி நின்றதாக அவளுக்குத் தோன்றியது. நண்டு "பாதி நின்னீங்க" என்றாள். கணவர் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அறைக்கு வந்ததும் ஈரத்தலையோடு பேக்கரி அம்மாளுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். இத்தன நாள் நீங்க வண்டி ஓட்டும்போது, நடுவுல நானும் மிதிச்சிருக்கேன் போல."

"போலன்னா?"

"எனக்கே இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

அந்தப் பக்கம் மாவு பிசையும் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. "டீச்சர், போன வாரம் அந்தப் பாலத்து மேட்டுல வண்டி பின்னால உருளாம எடுத்தேனே. எங்க வீட்டுல எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னேனே. அத எடுத்தது யாரு?"

"தெரியலக்கா."

"உங்க கால் உங்களுக்குத் தெரியலயா?"

"தெரியலயே."

பேக்கரி அம்மாள் முதலில் சிரித்தாள், பிறகு வாய்க்கு வந்தபடி திட்டினாள், பிறகு "அதான் பாத்தேன், அந்த அதிகாரி வந்தா மட்டும் வண்டிக்குப் பேய் பிடிக்குதேன்னு" என்றாள். கடைசியில் குரல் இறங்கியது. "இப்ப நான் என்ன பண்றது? வியாழக்கிழமை டெஸ்ட்."

"திங்கக்கிழமையிலேருந்து மூணு நாளும் ரயில்வே கிடங்குக்குப் பின்னால காலி மைதானத்துக்குப் போவோம். நான் சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காந்துக்கறேன்."

"முட்டிட்டா?"

"முட்ட அங்க ஒண்ணும் இல்ல. கைப்பிரேக் என் கையில இருக்கும். கை என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியும்."

மூன்று நாளும் அப்படியே நடந்தது. முதல் நாள் வண்டி பதினேழு முறை அணைந்தது. பேக்கரி அம்மாள் கிளட்சை விடுவதும் வண்டி துள்ளுவதும், டீச்சர் தன் பாதத்தைத் தானே கையால் பிடித்துக்கொள்வதுமாகப் பொழுது போனது. தொடை மரத்தது. "சும்மா இருக்கறதுக்கு இவ்வளவு வலியா?" என்று முனகினாள். பதினான்கு வருடமாகத் தெருவைப் பார்த்தவள், மைதானத்தில்தான் முதல்முறையாக ஓட்டுகிறவளின் காலைப் பார்த்தாள். அந்த அம்மாள் கிளட்சைக் குதிகாலைத் தூக்கி வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள். "குதிகால கீழ ஊணுங்கக்கா" என்று சொல்ல டீச்சருக்கு மூன்று மாதம் ஆகியிருக்கிறது. இரண்டாம் நாள் ஆறு முறை அணைந்தது. மூன்றாம் நாள் மூன்று முறை.

வியாழக்கிழமை பேக்கரி அம்மாள் நான்காவது முறையாகத் தோற்றாள்.

பள்ளி அலுவலகத்துக்கு இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். முதலாளி போன் மேசையைத் துடைத்து, நாற்காலியைக்கூட மாற்றிப் போட்டு வைத்திருந்தார். டீச்சர் நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வண்டி வேணும்," என்றாள் பேக்கரி அம்மாள். "இந்த டீச்சர்தான் வரணும்."

"அம்மா, இவங்கதான் உங்கள நாலு தடவ..."

"மூணு மாசம் இவங்க ஓட்டினாங்க. மூணு நாளா நான் ஓட்டறேன். இன்னைக்கு ரிவர்ஸ்ல மட்டும்தான் போச்சு. கண்ணாடியப் பாக்காம கழுத்தத் திருப்பினேன், வண்டி வளைஞ்சிருச்சு. மத்தது எல்லாம் நானே பண்ணினேன். அந்த அதிகாரியே 'பரவால்லம்மா'ன்னாரு."

முதலாளி அவளைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். இது புகாரா, பாராட்டா என்று அவருக்குப் பிடிபடவில்லை. "நீயாவது புரியற மாதிரி சொல்லும்மா," என்றார். டீச்சர் பலகை, அலை, நண்டு என்று ஆரம்பித்தாள். பாதியிலேயே அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பதிவேட்டை இழுத்து ஆறு மணிக்கு நேராகப் பேக்கரி என்று எழுதினார். "ஒரு மாசம். அதுக்கப்புறம் பேசலாம். இப்போதைக்கு அந்த நாற்காலிய விட்டு எந்திரி, போன் எடுக்க வேற ஆள் பாத்துக்கறேன்."

சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் டீச்சர் கண்ணாடிக் கடைக்குப் போனாள். கணவர் ஒரு சட்டத்தின் காதில் எறும்புக் கண் அளவு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு? ஜெயிச்சியா, தோத்தியா?"

"அவங்க தோத்துட்டாங்க," என்றாள். "ஆனா அவங்களே தோத்தாங்க."

"அது சரி. நீ?"

டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இருங்க," என்றாள். "யோசிச்சுச் சொல்றேன்."