உப்பில்லாப் பத்தியம்

எங்கள் வீட்டில் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லாதவர்கள் கிடையாது. அடுப்பை அணைத்தோமா என்று படியிறங்கிய பிறகும் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். ஆனால் எழுபதுகளில், வங்காளத்தில் லேக் மார்க்கெட் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, ஒரு மதியம் நான் எடுத்த முடிவை நினைத்தால் இன்றும் கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.

சிறுவயதில் வந்த மூட்டுக் காய்ச்சலில் என் இதய வால்வு ஒன்று சுருங்கிவிட்டது. முதல் பிரசவத்திலேயே மூச்சுக்குத் தவித்தேன். பெண் நடை பழகி ஓடத் தொடங்கியபோது மறுபடியும் உண்டானேன். இன்னொரு பிரசவத்தை இந்த இதயம் தாங்காது என்றார் டாக்டர். சட்டம் அனுமதித்திருந்தது. கலைத்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது, சாப்பாட்டில் உப்பே கூடாது என்றார்கள்.

மாமியார் என்னைப் பிள்ளை பெற்றவளைப் போலவே கவனித்துக்கொண்டார். ரசம், கூட்டு, எதிலும் உப்பில்லை. அது தொண்டையில் இறங்காதே என்று மோர்சாதத்துக்கு மட்டும் உப்பு நார்த்தங்காய் வைப்பார். பத்தியக்காரிக்கு அதை மருந்தாகக் கொடுப்பது எங்கள் வழக்கம். நானும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சில நாளில், படுத்தால் மூச்சு முட்டியது.

"மனசுல போட்டு உழப்பிக்கறே. ஒரு தரம் நன்னா அழுதுடு, சரியாப் போயிடும்" என்றார் மாமியார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். கலைத்தது சரியா என்று எனக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டுவது அதற்கான தண்டனை என்றுகூடத் தோன்றியது.

அன்று மதியம் கால் அலம்பும்போது பார்த்தேன். மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. இழுத்தால் நகரவில்லை. துக்கத்தில் மூச்சு முட்டலாம், கால் விரல் வீங்குமா?

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அவன் ஆபீஸ்லேர்ந்து வரட்டும்டீ."

"அவர் வரவரைக்கும் நான் இருக்கணுமே."

மாமியார் உடனே செருப்பை மாட்டிக்கொண்டார். குழந்தையை எதிர்வீட்டு வங்காளி அண்ணியிடம் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தோம். வழியெல்லாம் மாமியார் சொல்லிக்கொண்டே வந்தார்: "கேட்டா, வழுக்கி விழுந்து கலைஞ்சுடுத்துன்னு சொல்லு. நாலு பேர் இருக்கற இடம். நம்ம மனுஷாகிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன்."

அவர் சொல்லை நான் அதுவரை தட்டியதில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் கேட்டதும், இதயத்துக்காகக் கலைத்தது என்று ஆங்கிலத்தில் சத்தமாகவே சொன்னேன். பொய் சொன்னால் வேறு எதற்கோ மருந்து கொடுத்துவிடுவாளோ என்ற பயம்தான்.

சாப்பாடு பற்றிக் கேட்டாள். "உப்பே சேர்க்கலை" என்று மாமியார் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் முந்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நார்த்தங்காய் என்றால் அவளுக்குப் புரியவில்லை. எலுமிச்சை போல ஒரு காய், சுருளாக நறுக்கி உள்ளே உப்பை அடைத்துக் காயவைப்போம் என்று விளக்கினேன்.

"அடைத்தா?" என்றாள்.

"மருந்துன்னு சொல்லுடீ அவகிட்ட!" என்றார் மாமியார்.

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருந்தாலும் கை நிற்காமல் ஊசியைப் போட்டாள். உப்பு பிடித்துவைத்த நீர் நுரையீரலில் தேங்கியிருந்ததாம். அது சிறுநீராகப் பிரியப் பிரிய, மூச்சு சீராகி என்னால் படுக்க முடிந்தது.

மறுநாள் உறவுக்கார மாமி ஒருத்தி பார்க்க வந்தாள். "வழுக்கி விழுந்துட்டாளாமே?" என்று மாமியாரின் காதில் கிசுகிசுத்தாள்.

மாமியார் குரலைத் தாழ்த்தவே இல்லை.

"யார் சொன்னா? டாக்டர் சொன்னார், கலைச்சோம். எங்களுக்கு இவ வேணும். இவளே நாலு பேர் நடுவுல வாயைத் திறந்து சொன்னா, ஒண்ணும் வாய் கோணிக்கலை. எனக்கு மட்டும் என்ன?"