இரண்டு ரிசீவர்களும் நான் போட்ட சராசரியும்

ரொறன்ரோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்குவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீடு இருந்த மல்வேர்னில் இருந்து இரண்டு பஸ் ஏறிப் போவேன். ஒரு நாள், அலுவலக அறையில் உற்பத்தி விபரங்களைப் பதிய ஓர் ஆள் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். அந்த வேலைக்கு நான் பட்ட ஆசை கொஞ்சநஞ்சமல்ல.

ஆளைத் தெரிவு செய்வது சூப்பர்வைசர். அவருக்கோ ஃபுட்போல் பைத்தியம். காலால் உதைப்பதல்ல, தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதுவது. சாப்பாட்டு அறையில் தினமும் ஒரே சண்டை: எங்கள் நகரத்து வைட் ரிசீவர் திறமா, ஏரிக்கு அக்கரையில் உள்ள அமெரிக்க அணியின் ஆள் திறமா? ரிசீவர் என்றால், எறிகிற பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவர். தொண்டை கிழியக் கத்தினார்களே தவிர ஒருவரும் ஓர் எண்ணைச் சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

மேசையில் விட்டுப்போன பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. அதனாலென்ன? கிரிக்கெட்காரரை வானொலியில் கேட்டே எடைபோட்ட ஆட்கள் நாங்கள். பிடித்த பந்துகள், ஓடிய தூரம், வகுத்தால் சராசரி. எங்கள் நகரத்து ஆள் முன்னுக்கு நின்றார்.

கணவர் எட்டிப் பார்த்தார். "உமக்கென்ன விசரே? உந்த விளையாட்டைப் பற்றி உமக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியத் தேவையில்லை. பிரிக்கத் தெரிஞ்சால் காணும்" என்றேன். வாய்க்கொழுப்பு.

மறுநாள் கணக்குப் போட்ட தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பேரும் ஆடுவது ஒரே விளையாட்டே இல்லையாம். கனடாவில் மைதானம் பெரிது, அணிக்கு ஓர் ஆள் கூடுதல், முன்னேற மூன்றே வாய்ப்பு, அங்கே நான்கு. தாள் மேசை மேசையாகப் போனது. வேலை கைநழுவிப் போய்விட்டது என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

மல்வேர்ன் வருவதற்குள் அழுகை போய்க் கோபம் வந்தது. விளையாட்டு வேறென்றால் என்ன, ஒவ்வொருவரையும் அவரவர் லீக் ரிசீவர்களோடு நிறுத்திப் பார்க்கலாமே. தன் கூட்டத்தின் சராசரியைவிட யார் எவ்வளவு மேலே? ஒரு வாரம் இருந்து கணித்தேன். இந்த முறை அக்கரை ஆள்தான் வென்றார். எனக்கே கொஞ்சம் கவலை.

புதுத் தாளைச் சூப்பர்வைசர் சிரிக்காமல் இரண்டு தரம் வாசித்தார். இதை எங்கே பழகினாய் என்று கேட்டார். ஊரில் எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன் என்றேன். திங்கட்கிழமை அலுவலக அறைக்கு வா என்றவர், "இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை?" என்றார்.

"வேலைக்கு எடுத்த அன்று, எட்டு மணித்தியாலம் நிற்க முடியுமா என்று மட்டும்தானே கேட்டீர்கள்."

பாவம், மனிதரின் முகம் சிவந்துபோனது. எனக்கோ, வேலை கிடைத்த சந்தோஷத்தைவிட அதைச் சொல்லிவிட்ட சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.