கணினிக்குச் செய்த பெட்டி

நான்கு மரப்பெட்டிகளுக்காக அந்த அரசாங்க அலுவலகம் தச்சருக்கு இருபத்திரண்டாயிரம் பாக்கி வைத்திருந்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர் அவர். ஆனால் ஒற்றை உளியோடு தொடங்கி, சொந்தப் பட்டறையும் மாடிவீடும் கண்டவர். அவர் செய்த கதவு இறங்கிப்போனதாக எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்!

அதிகாரிதான் கூப்பிட்டுச் சொன்னார்: "கம்ப்யூட்டர் வந்திருக்கு. தூசி படக்கூடாது, கண்டவன் கையும் படக்கூடாது. பூட்டோட பெட்டி செய்."

"ஒயர் போக ஓட்டை விடணுமே சார்?"

"ஓட்டை வழியா எலி போகும். நீ படிச்சவனா, நான் படிச்சவனா?"

படித்தவர் சொன்னபடியே, எறும்பும் நுழையாமல் செய்து கொடுத்தார். கணினிகள் உள்ளே குடியேறின. இணைய ஒயர் சுவரோடு நின்றது. அதில் யாரோ குடையை மாட்டினார்கள். வாசலில் 'கணினிமயமான அலுவலகம்' என்று பலகை வைத்தார்கள். மேலிடத்து ஆட்கள் வந்தால் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டு மூடுவார்கள்.

பணம் கேட்கப் போனால் தலைமை எழுத்தர் கையை விரிப்பார். "பில்லை இன்டர்நெட்லதான் ஏத்தணும் அண்ணே. கம்ப்யூட்டரை வெளிய எடுக்க சார் விடமாட்டார், பெட்டிக்குள்ள ஒயர் போகலையே!"

"போகாதபடிதானே செய்யச் சொன்னீங்க?"

"அதைத்தான் அருமையா செஞ்சிருக்கீங்களே!"

ஒன்றரை வருடம் நடையாய் நடந்தார். மரக்கடைக்காரர் கடனுக்குப் பலகை கொடுப்பதை நிறுத்திவிட்டார். "அந்தப் பெட்டிக்குள்ள நம்ம பணத்தையும் சேத்துப் பூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று மனைவி வேறு குத்திக் காட்டினாள்.

திடீரென மேலிடத்து உத்தரவு வந்தது: ஊழியர்களின் சம்பளப் பட்டியலையும் அன்று மாலைக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளம் கிடையாது. அடுத்த அரைமணியில் அதிகாரியும் எழுத்தரும் பட்டறை வாசலில் மூச்சிரைக்க நின்றார்கள்.

"உடனே வந்து ஓட்டை போடுங்க அண்ணே!"

தச்சர் இழைப்பதை நிறுத்தவில்லை. "எலி போகுமே சார்?"

"விளையாடாதீங்க. எல்லார் சம்பளமும் நிக்குது."

"என் கூலி ஒன்றரை வருஷமா நிக்குதே, அதுக்குக் கால் வலிக்காதா?"

"பில் பாஸானதும் முதல் வேலையா..." என்று எழுத்தர் இழுத்தார்.

"இப்ப உங்க கைக்காசைக் குடுங்க. பில் பாஸானதும் நீங்க எடுத்துக்குங்க. ஒயர் போனா ரெண்டே நாள்ல ஆயிடும்னு நீங்கதானே எப்பவும் சொல்றது?"

எழுத்தர் அலுவலகத்துக்கு ஓடி, எல்லோர் பையையும் துழாவித் திரட்டி வந்தார். அதிகாரி நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். இடையில் வந்த கிழிந்த நோட்டைத் தச்சர் திருப்பி நீட்டினார். அதிகாரி வேறு நோட்டை எடுத்து, மரத்தூள் படிந்த அந்த உள்ளங்கையில் வைத்து, விட்ட இடத்திலிருந்து எண்ணி முடித்தார்.