அண்ணி இறக்கி வைத்த கீசர்

அண்ணி முதன்முதலாக ஸ்பானரைக் கையில் எடுத்தபோது அண்ணனும் எங்களோடு அந்தக் குளியலறைக்குள் இருந்தார். ஆனால் என் கையிலிருந்த செல்போனுக்குள் இருந்தார். ஹட்டன் பக்கத்தில் ஒரு சின்ன விடுதி அது. சுவரில் கீசர் தொங்கிக்கொண்டிருந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று, அண்ணன் பார்க்கும்படி போனை உயர்த்திப் பிடித்திருந்தேன். கொட்டகலையில் எங்கள் வீட்டுக் கட்டிலில் திரும்பிப் படுக்கவும் முடியாமல் கிடந்தவர் அங்கிருந்தே அதட்டினார். "மெயின் சுவிட்ச அணைச்சியா? டெஸ்டர வச்சுப் பாத்தியா? ம், இப்ப அந்த அடி மூடியக் கழட்டு. மெதுவா புள்ள, மெதுவா." அண்ணி மூடியைக் கழற்றி, திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தன் ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டார்.

நுவரெலியா முதல் ஹட்டன் வரை வீடுகளிலும் விடுதிகளிலும் கீசர் பொருத்துவதும் பழுது பார்ப்பதும்தான் அண்ணனின் தொழில். எங்கள் ஊர்க் குளிரில் விடுதிக்கு வருகிறவர்கள் படுக்கையைப் பார்ப்பதற்கு முன் சுடுதண்ணீர்க் குழாயைத்தான் திறந்து பார்ப்பார்கள். ஏப்ரல் சீசனில் அண்ணனுக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமிருக்காது. அப்படியொரு சீசனில்தான் மழையில் நனைந்த தகரக் கூரைமேல் ஏறி, வெயிலில் சூடாகும் தொட்டியொன்றைப் பார்க்கப் போனவர் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எழுந்து நடக்க மாதக்கணக்காகும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

போன் மட்டும் ஓயவில்லை. அழைத்தவர்களுக்கெல்லாம் "கொஞ்ச நாள் பொறுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாதவர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அழைப்புகள் குறையத் தொடங்கியபோது, சோறு ஊட்டிக்கொண்டிருந்த அண்ணி சொன்னார்: "நீங்க படுத்துக்கிட்டே சொல்லுங்க. நான் கழட்டி மாட்டுறேன்." அண்ணன் சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. ராகலையில் மரக்கறித் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். கல்யாணத்துக்கு முன் தையல் வேலை செய்தவர். மிஷின் நின்றுபோனால் அவரே கழற்றிப் போட்டுச் சரி செய்வதை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அண்ணன் இறங்கி வந்தார். தங்கச்சி நான் கூடப் போக வேண்டும், போனை அணைக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது. நான் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். பள்ளி விட்ட பிறகும் சனி ஞாயிறுகளிலும் அண்ணியோடு பஸ் ஏறினேன்.

போன இடத்திலெல்லாம் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு விடுதி மேனேஜர் "மாத்தயா ஆவே நெத்த?" என்று சிங்களத்தில் கேட்டார். ஐயா வரவில்லையா என்று. அண்ணி என் கையிலிருந்த போனைக் காட்டி, "இந்தா இருக்காரே" என்றார். திரையிலிருந்து அண்ணன் கையசைத்தார். அந்த நாட்களில் அண்ணன் சந்தோஷமாகத்தான் இருந்தார். படுத்த இடத்திலிருந்தே மலைநாடு முழுக்கச் சுற்றி வருகிறேன் என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வார். வேலை செய்தது அண்ணியின் கைகள். ஆனால் அவை தன்னுடைய கைகள்தான் என்று நினைத்தார். எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

அதைக் கலைத்தது பொகவந்தலாவைப் பயணம். தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர் ஒருவரின் வீடு. அவருடைய மகள் பிரசவம் முடிந்து தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டும் நேரத்தில் கீசரைப் போட்டாலே வீட்டு மின்சாரம் முழுவதும் நின்றுபோகிறது என்றார்கள். அண்ணன் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உள்ளுக்குச் சூடாக்குற கம்பி போயிருச்சு. அத மாத்திட்டு வா, போதும்" என்றார். அதோடு சிக்னல் போய்விட்டது. அந்தப் பள்ளத்தாக்கில் அது வழக்கம்தான்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு சன்னல் பக்கம் போனேன். அண்ணி கீசரின் அடியில் உள்ளங்கையை வைத்து இலேசாகத் தள்ளிப் பார்த்தார். அது ஆடியது. சுவரின் பக்கவாட்டில் முகத்தை ஒட்டி வைத்துப் பின்னால் பார்த்தார். தொட்டியிலிருந்து கசிந்த தண்ணீர் எத்தனையோ காலமாகச் சுவருக்குள் இறங்கி, பூச்சை ஊற வைத்திருந்தது. கீசருக்கு நேர் கீழே ஒரு பலகை கிடந்தது. அதில் உட்கார்ந்துதான் கிளாக்கரின் மனைவி பேரப்பிள்ளையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டுவார்.

"இத இறக்கணுங்க" என்றார் அண்ணி.

கிளாக்கரின் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "தண்ணி சுட்டாப் போதும்மா. புள்ள குளிக்காம இருக்கு. கழட்டுறேன்னு ஆரம்பிச்சா எப்ப முடியும்?"

"அடுப்புல காய வச்சு நானே குளிப்பாட்டித் தாறேங்க. இதுக்குக் கீழ மட்டும் புள்ளய வைக்காதீங்க."

"கம்பிய மாத்தினாப் போதும்னு ஒங்க வீட்டுக்காரரு இப்பதானே சொன்னாரு?" என்று கிளாக்கர் கேட்டார்.

"அவரு சொன்னது சரிதாங்கய்யா. செவுரு அவருக்குத் தெரியல."

போனைப் பிடித்திருந்தவள் நான். கீசரைத்தான் காட்டினேன், சுவரைக் காட்ட வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணி மின்சாரத்தை நிறுத்தித் தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் தோள் கொடுக்கும்படி என்னையும் கிளாக்கரையும் கேட்டார். கீசரைச் சுவரோடு பிடித்திருந்த ஒரு போல்ட்டை ஸ்பானர் போட்டுக் கழற்றினார். அடுத்ததற்கு ஸ்பானர் தேவைப்படவில்லை. பூச்சுக் கட்டியோடு தானாகவே பிடுங்கிக்கொண்டு வந்தது. தொட்டியின் மொத்தக் கனமும் என் தோளில் இறங்கியது. மூன்று பேருமாகத் தடுமாறி அதைத் தரையில் வைத்தோம். கிளாக்கரின் மனைவி குனிந்து அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வீடு திரும்பியதும் அண்ணன் சத்தம் போட்டார். "நான் சொல்லாம ஏன் இறக்கின? போன் கட்டானா வெளிய வந்து எடுத்துக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டிருந்தா என்ன சொல்லிருப்பீங்க?"

அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். "கம்பிய மாத்திட்டு வான்னுதான் சொல்லிருப்பேன்."

"அதான் கேக்கல."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சொல் கேட்காத கோபம் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கட்டிலில் கிடந்த அத்தனை நாட்களில், தான் இல்லாமலும் வேலை நடக்கும் என்று அவர் அறிந்தது அன்றுதான். சில நாள் கழித்து, கிளாக்கர் வாங்கி வைத்த புதிய கீசரை அண்ணி வேறு சுவரில் பொருத்தியபோது, சன்னலோரம் நின்று எப்படியோ சிக்னலைப் பிடித்தேன். அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "செவுரத் தட்டிப் பாத்தியா?"

"பாத்தேங்க."

ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கியதும் அண்ணன் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். உள்ளே இருந்த சாமான்களை அண்ணி துடைத்து எண்ணெய் போட்டுத்தான் வைத்திருந்தார். பையைக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். அண்ணியே போகட்டுமே என்று எனக்கு வாய்வரை வந்தது. ஆனால் கணவன் மனைவிக்கிடையில் எப்படிப் பேசுவது? ஒவ்வொரு நாளும் அண்ணன் முகம் வெளுத்துத் திரும்புவார். ஏணியில் நின்ற வலி அது என்று அண்ணிக்குத் தெரியும். கேட்காமலே முதுகுக்குத் தலையணை வைப்பார்.

இப்போது அண்ணி ஸ்கூட்டியில் தனியாகவே வேலைக்குப் போய்வருகிறார். கழற்றிக் கொண்டுவருகிற பாகங்களை அண்ணன் வீட்டு முன்னறையில் மேசை போட்டு உட்கார்ந்து சரி செய்கிறார். பார்க்கிறவர்களுக்கு எப்போதுமே அப்படித்தான் இருந்தது போலத் தோன்றும். அது தொடங்கிய பிற்பகல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மழை பெய்துகொண்டிருந்தது. மூவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. கிளாக்கரின் மகள். அண்ணன் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணே, பக்கத்து வீட்டுல கீசர் ஒழுகுது. அக்கா வருவாங்களா?"

"நான் வர்றேம்மா."

"இல்லண்ணே... அந்த வீட்டுல பொம்பளைங்க மட்டுந்தான். அக்கா வந்தா நல்லாருக்கும்."

அண்ணி கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இடுப்பைத் தடவிக்கொண்டார். "என்னாலயும் ஏணியில நிக்க முடியலம்மா" என்றார். வீட்டில் எங்களிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை. பிறகு, "அவங்களே வருவாங்க. எப்ப முடியும்னு அவங்ககிட்டயே கேளுங்க" என்று போனை நீட்டினார். அண்ணியை அவர் அதுவரை யாரிடமும் 'அவங்க' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். "ஒழுகுறது குழாயிலயா, தொட்டியிலயா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் சொன்னதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "சுவிட்ச அணைச்சு வைங்க. நாளைக்குக் காலையில வர்றேன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை.